இருட்டில் போட்ட பெருக்கல் குறி

காணாமல் போன கணவன், காணாமல் போன நகை, காணாமல் போன நாய் என்று எத்தனையோ பேர் தேடி வந்த அந்த அலுவலகத்துக்கு, காணாமல் போன விருதைத் தேடித்தரச் சொல்லி ஒருவர் வந்தது அன்றுதான் முதல் தடவை.

வந்தவர் சக்கர நாற்காலியில் இருந்தார். நாடக உலகத்தில் அவரை எல்லோரும் லைட்டக்கா என்பார்கள். மேடைக்கு விளக்கு அமைப்பது அவர் தொழில். ராஜாக்களுக்கும் பிச்சைக்காரர்களுக்கும் சரிசமமாக வெளிச்சம் ஊற்றியவர், ஒருநாள் ஏணியிலிருந்து விழுந்தார். அதோடு கால்கள் போயின. தொழில் மட்டும் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே யாருக்கு எங்கே எவ்வளவு வெளிச்சம் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நாற்காலியைத் தள்ளிவந்தவர் அவருடைய கணவர். அரச வேடம் போட்டே தலை நரைத்த நடிகர். அவருக்குப் பட்டப்பெயர் மகாராஜா.

மேசைக்கு இந்தப் பக்கம் மேடம் இருந்தார். துப்பறிய வருவதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கணக்குகளைப் பிரித்து மேய்ந்தவர். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர் சொல்வதில் நம்பிக்கை இல்லாவிட்டால் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே இருப்பார். நம்பினால்தான் ஆட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள், பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவருடைய உதவியாளன். அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பையில் காசு குலுங்குவதுபோல எந்நேரமும் வாய் குலுங்கிக்கொண்டிருப்பதால் சில்லறை என்ற பெயரே நிலைத்துவிட்டது.

விஷயம் இதுதான். நாடகக் கலைஞர்கள் சங்கம் வருடாவருடம் விருது விழா நடத்துகிறது. இந்த வருடம்தான் முதன்முறையாக, திரைக்குப் பின்னால் உழைத்தவர்களுக்கென்று ஒரு வாழ்நாள் விருது. நேற்று மாலை அதை ஒலியமைப்பாளர் ஒருவருக்குக் கொடுத்தார்கள். மைக் அண்ணன் என்றால் எல்லோருக்கும் தெரியும். நல்ல மனிதர்தான். லைட்டக்காவும் கைதட்டியிருக்கிறார்.

"கைதட்டிட்டு வீட்டுக்குப் போய் அழுதா அது வழக்கு இல்லை, மனவருத்தம்" என்று சொல்ல வாயெடுத்த சில்லறை, மேடத்தின் தலை ஆடாமல் நிற்பதைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"பேரை வாசிக்க வாயைத் திறந்தாங்க பாருங்க, அந்த நேரத்துல ஃபாலோ லைட் என் முகத்துல விழுந்துச்சு" என்றார் லைட்டக்கா. ஃபாலோ லைட் என்பது மேடையில் நடப்பவரை நிழல்போல விரட்டிக்கொண்டே போகும் குண்டு விளக்கு. "ஒரு மூச்சு விடுற நேரம்தான். அப்புறம் விலகி மைக் அண்ணன்கிட்டப் போயிருச்சு."

விளக்குக்காரருக்குக் கை நடுங்கியிருக்கலாமே என்றான் சில்லறை.

"நடுங்கினா விளக்கு ஆடும் தம்பி. அது ஆடல. என்னைத் தேடி வந்துச்சு. சொல்லி வைக்காத இடத்துக்கு அந்த விளக்கு போகாது."

கோப்பை தனக்கு வேண்டாம் என்றார் அவர். அது தனக்கென்று இருந்ததா, இல்லையா? இருந்தது என்றால் அதை எடுத்தது யார்? இவ்வளவுதான் தெரிய வேண்டும். சாகும்வரை அந்த ஒரு மூச்சையே நினைத்துக்கொண்டிருக்கத் தன்னால் முடியாது என்று சாதாரணமாகச் சொன்னார், கடைக்குப் போய்வரச் சொல்வதுபோல.

மகாராஜாவுக்குத்தான் ஆற்றாமை தாங்கவில்லை. நாற்காலிக்குப் பின்னாலிருந்து ஓரடி முன்னால் வந்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்று, இந்தப் பெண்மணி எத்தனை பேரை மேடையில் மனிதர்களாகக் காட்டினாள், அவளுக்கே இந்தக் கதியா என்று கேட்டார். எவனாக இருந்தாலும் விடக்கூடாது என்றார். கடைசி வரிசைவரை கேட்கும் குரல் அது. அலுவலகத்தில் கடைசி வரிசை இல்லாததால் சுவரில் பட்டுத் திரும்பியது.

மேடம் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

விழா நடந்த அரங்கில் அலங்காரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். விழா முடிந்த அரங்கைவிடத் துக்கமான இடம் உலகத்தில் இல்லை என்று சில்லறைக்குத் தோன்றியது. நேற்று ராஜநடை போட்ட சிவப்புக் கம்பளத்தை இருவர் பாயைப்போலச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். வாடிய பூக்கள் பக்கெட்டில் தலைகீழாகக் கிடந்தன. நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன.

விழாவை அமைத்து, தானே மேடையில் நின்று தொகுத்தும் வழங்கிய பெண் சுறுசுறுப்பான ஆள். கழுத்தில் இன்னும் ஹெட்ஃபோன் தொங்கியது. நல்ல விழா என்றால் என்னவென்று கேட்காமலேயே பாடம் எடுத்தார். விருது வாங்குபவரை நடைபாதை ஓரத்தில் உட்கார வைக்க வேண்டும். நடுவில் உட்கார வைத்தால் பத்துப் பேர் காலை மிதித்துக்கொண்டு வருவதற்குள் இசை முடிந்துவிடும். யாருக்கு விருது என்பது மேடையில்தான் தெரிய வேண்டும். ஆனால் அந்த ஆள் வராமல் போய்விட்டால்? அதனால் வீட்டில் ஒரே ஒருவருக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லி, கையோடு கூட்டிவரும் பொறுப்பை ஒப்படைத்துவிடுவார்கள். சங்கத்தில் அவருக்கு வீட்டு ஆள் என்று பெயர்.

முந்தைய வருடம் விருதுக்காரர் ஒருவர் வரவில்லையாம். தலைமை விருந்தினர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, பேருந்து நிலையத்தில் அடுத்தவர் குழந்தையை வாங்கி வைத்திருப்பவர்போல முழித்துக்கொண்டு நின்றாராம். அன்றோடு விதி போட்டுவிட்டார்கள். மேடைக்கு வராதவருக்கு விருது இல்லை. அது அடுத்த இடத்தில் இருப்பவருக்குப் போய்விடும்.

"அப்ப விருது திறமைக்கு இல்லை, வருகைப் பதிவுக்கு" என்றான் சில்லறை. அந்தப் பெண் சிரிக்கவில்லை.

லைட்டக்காவைப் பற்றி மேடம் கேட்டதும் பாடம் நின்றது. அவர் பெயர் பரிசீலனையில் இருந்தது உண்மைதான், ஆனால் முதலிலிருந்தே மைக் அண்ணன்தான் தேர்வு, இதில் மாற்றம் எதுவும் நடக்கவில்லை என்றார். மேடம் தலையாட்டினார். நன்றாகவே ஆட்டினார்.

பிறகு மேடையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நடந்தார். வலது பக்கம் படிகள். நேற்று எல்லோரும் ஏறியது அதில்தான். இடது பக்கம் மேடையின் ஓர விளிம்பில் துணி சுற்றியிருந்தது. மேடம் துணியைத் தூக்கினார். பலகை விளிம்பில் வரிசையாகத் திருகாணித் துளைகள். துளைகளின் வாயில் மரத்தூள் இன்னும் வெளுப்பாக ஒட்டியிருந்தது.

"கரையானா இருக்கும்" என்றான் சில்லறை.

"வரிசையில நின்னு அரிக்கிற கரையானா? ஒழுக்கமான கரையான்தான்." மேடம் தரையைக் காட்டினார். மேடையிலிருந்து சற்றுத் தள்ளி, கனமான பலகை ஊன்றி நின்ற அழுத்தம் தரைவிரிப்பில் தெரிந்தது. அந்தத் தூரத்தையும் உயரத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சரிவு. படியேற முடியாத ஒருவருக்காக ஒரு சாய்தளத்தைச் செய்து, மாட்டி, பிறகு கழற்றியிருக்கிறார்கள். மைக் அண்ணனோ படியை இரண்டிரண்டாகத் தாண்டிப் போனவர்.

சில்லறைக்குப் புரிந்தது. லைட்டக்கா சொன்னது சரி. விளக்கு சும்மா வரவில்லை. அந்த விருது அவருடையதாகத்தான் இருந்திருக்கிறது, இந்தச் சாய்தளம் கழற்றப்படும்வரை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் காம்பை வெளியே விட்டுவிட்டார்கள்.

மேடம் அதற்குள் மேடை நடுவில் குனிந்து நின்றார். தரையில் வெள்ளை டேப்பால் ஒரு பெருக்கல் குறி. கோப்பை வாங்குபவர் அதன்மேல் நிற்க வேண்டும், படம் சரியாக விழும். அது புரிகிறது. ஆனால் அதற்குப் பின்னால், ஒதுக்குப்புறமாக, நீல டேப்பில் இன்னொரு குறி இருந்தது.

ஒரு நாற்காலியை இழுத்துவரச் சொல்லி அதில் சில்லறையை உட்கார வைத்தார் மேடம். இடது பக்கத்திலிருந்து அவனைத் தள்ளிக்கொண்டு வந்தார். நாற்காலி கிறீச்சென்றது. என் வாழ்நாள் சாதனைக்கு இன்றைக்காவது அங்கீகாரம் கிடைத்ததே என்று சில்லறை கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெள்ளைக் குறியில் நாற்காலி நின்றது.

"உன்னைக் கொண்டுவந்து விட்டாச்சு. இப்ப நான் எங்க போறது?"

"பின்னாடியே நில்லுங்க."

"நின்னா நானும் படத்துல விழுவேன்." மேடம் பின்வாங்கினார். விளக்கு எட்டாத இடம்வரை போய் நின்றபோது அவர் கால் நீலக் குறியின்மேல் இருந்தது.

அந்தக் குறி நாற்காலியைத் தள்ளிவருபவருக்கு. ஒத்திகை பார்க்காமல் யாரும் குறி போடுவதில்லை. அப்படியானால் யாரோ ஒருவர் நேற்றுக் காலை இங்கே வந்து, வெற்று நாற்காலியைத் தள்ளி, அந்த இருட்டில் நின்று பார்த்திருக்கிறார்.

விளக்குக் கூண்டிலிருந்து இறங்கிவந்த ஆள் அரங்கத்தின் சம்பளக்காரர். நாடகம் பார்த்தே பழக்கமில்லாதவர். கூட்டம் என்றாலும் கல்யாணம் என்றாலும் அவருக்கு விளக்கு விளக்குதான். அவருக்கு ஒளிக்க எதுவும் இல்லை. நேற்றுக் காலை ஒத்திகையில், நடைபாதை ஓரத்தில் வீல்சேர் நிற்கப்போகும் இடத்தைக் காட்டி, பெயர் வாசித்ததும் அங்கே அடிக்கச் சொன்னார்கள். பிற்பகலில் வேறு இடம் என்றார்கள். ஆனால் மாலையில் நிமிர்ந்து பார்த்தால் அதே இடத்தில் நிஜமாகவே ஒரு வீல்சேர். கை பழக்கத்தில் போய்விட்டது, திட்டும் வாங்கியாயிற்று என்று வருத்தப்பட்டார்.

ஒத்திகையில் நாற்காலியைத் தள்ளியவரைப் பற்றி மேடம் கேட்டதும் அவருக்குச் சலிப்பு வந்துவிட்டது.

"அந்த ஆளோட பெரிய ரோதனைங்க. பின்னாடி போங்கன்னா போறார், திரும்பிப் பார்த்தா வெளிச்சத்துக்குள்ள நிக்கிறார். எத்தனை தடவை சொல்றது? மத்தவங்க இந்த விளக்கு முகத்துல பட்டாலே கண்ணைச் சுருக்குவாங்க. இவர் தாடையைத் தூக்கிக் காட்டுறார். விளக்கு எங்க கனமா விழுதோ, தரையைப் பார்க்காமலே அங்க போய் நிக்கிறார்."

சில்லறை அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தான். ஆனால் அது நாக்குவரை வந்து நின்றுவிட்டது. இன்று காலை அலுவலகத்தில் ஒருவர் ஓரடி முன்னால் வந்து ஜன்னல் வெளிச்சத்தில் நின்றது அவனுக்கு நினைவு வந்தது. மேடம் அப்போது விடாமல் தலையாட்டியதும் நினைவு வந்தது.

விழாப் பெண்ணிடம் மேடம் பெயர் எதையும் கேட்கவில்லை. வீட்டு ஆளிடம் ஒத்திகையில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண்ணின் சுறுசுறுப்பு வடிந்தது. கழுத்து ஹெட்ஃபோனைக் கழற்றி, சுற்றி, மறுபடி பிரித்தார்.

"எல்லார்கிட்டயும் சொல்றதைத்தான் சொன்னேன். சார், யாரும் உங்களைப் பார்க்கக் கூடாது, பார்த்தா அவங்க மேல இருக்கற கவனம் போயிரும். நாற்காலிக்கு முளைச்ச காலுன்னு நினைச்சுக்குங்கன்னேன்." ஹெட்ஃபோன் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டார். "அவர் யாருன்னு எனக்குத் தெரியும் மேடம். சின்ன வயசுல அவர் நாடகம் பார்த்திருக்கேன். ஆனா விழா நாள்ல அதெல்லாம் யோசிக்கவா நேரம்?"

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் தொலைபேசியில் கூப்பிட்டாராம். மனைவிக்குக் காய்ச்சல், எழுந்திருக்கவே முடியவில்லை, வர மாட்டாள் என்றாராம். விதி விதிதான். சாய்தளத்தைக் கழற்றினார்கள். படக்காட்சியை மாற்றினார்கள், விருந்தினர் பேச்சை மாற்றினார்கள். மாலையில் பார்த்தால் நடைபாதை ஓரத்தில் லைட்டக்கா பட்டுச் சேலையில் உட்கார்ந்திருக்கிறார். வண்டி கிடைக்கவில்லை, போக வேண்டாம் என்று கணவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். லைட்டக்கா தங்கை மகளைக் கூப்பிட்டு அவள் காரில் கிளம்பிவிட்டார். மகாராஜா மட்டும் ஓரமாக வந்து இந்தப் பெண்ணின் காதில் சொன்னாராம், அவளுக்கு எதுவும் தெரியாது, உடம்பு தாங்காது, நடப்பது நடக்கட்டும் என்று.

"நீங்களும் நடத்திட்டீங்க" என்றார் மேடம்.

எல்லாம் மாற்றியாகிவிட்டதே, மறுபடி எப்படி மாற்றுவது என்றார் அந்தப் பெண். அடுத்த வருடம் கட்டாயம் பார்க்கலாம் என்று சங்கத்தில் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். விழா மிக நன்றாக இருந்தது என்று எல்லோரும் பாராட்டினார்களாம்.

வெளியே வந்ததும் சில்லறை பொரிந்து தள்ளினான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் இழவு வீட்டில் பிணமாகவும் இருந்தால்தான் சில பேருக்குத் தூக்கம் வரும் என்றான். பொண்டாட்டி வாங்கும் விருதில் உப்புக்குச் சப்பாணியாக நிற்க மனமில்லாதவன் ராஜா வேடம் போட்டு என்ன பயன் என்றான். கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவன் குரல் இறங்கியது. சங்கத்துக்காரர்கள் குழப்பிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டால் என்ன? அதிலும் பாதி உண்மைதானே. அந்த அம்மாவுக்கு அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

"பொய் வேணும்னா நம்மகிட்ட ஏன் வரணும்?" என்றார் மேடம். "அது அவங்களுக்கு வீட்டுலயே கிடைக்குது."

வீடு தரைத்தளத்தில் இருந்தது. நாற்காலி திரும்பும் அளவுக்கு எல்லாச் சாமான்களும் சுவரோடு ஒதுங்கியிருந்தன. சுவரில் மகாராஜாவின் படங்கள்: கிரீடத்தோடு, வாளோடு, சிம்மாசனத்தில். எல்லாப் படத்திலும் முகத்தின் ஒரு பக்கம் பொன்னாகவும் மறுபக்கம் நிழலாகவும் இருந்தது. எடுத்தவரின் திறமை இல்லை அது என்பது சில்லறைக்கு இப்போது புரிந்தது. சாயங்கால வெயில் தரையில் ஒரு துண்டாகக் கிடந்தது. மகாராஜா நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்குத்தான்" என்றார் மேடம். "நேத்துக் காலையில ஒத்திகை வரைக்கும் உங்க பேர்தான். உங்களுக்காக மேடைக்குச் சாய்தளம் வச்சாங்க. அதைக் கண்ணால பார்த்துட்டு வந்தேன்."

லைட்டக்கா கண்ணை மூடித் திறந்தார். முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. சின்னப் பெண்ணின் சந்தோஷம். அதைப் பார்க்க முடியாமல் சில்லறை தன் செருப்பைப் பார்த்தான். அவர் இரண்டாவது கேள்வியைக் கேட்டார்.

மேடம் நாற்காலிக்கு மேலே பார்த்தார். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

லைட்டக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய கை மட்டும் நாற்காலிச் சக்கரத்தின்மேல் போய் உட்கார்ந்தது. மகாராஜா நாற்காலியின் பின்னாலிருந்து வந்தார். முதலில் அவள் உடம்பு என்றார், கூட்டம் என்றார், பதற்றம் தாங்கமாட்டாள் என்றார். குரல் ஏறிக்கொண்டே போனது. எந்த இடத்திலோ அது வசனமாக இல்லாமல் போய் உடைந்தது.

"இருட்டுல நிக்கச் சொன்னாங்க. என்னை. எந்த மேடையில என்னைப் பார்க்கச் சனம் அடிச்சுக்கிட்டு வந்துச்சோ, அந்த மாதிரி மேடையில. நாற்காலிக்கு முளைச்ச காலுன்னு நினைச்சுக்கணுமாம். உன்னைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டுட்டு, யாரும் பார்க்காம, இருட்டுல."

"நான் ஆயுசு முழுக்க அங்கதானே நின்னேன்" என்றார் லைட்டக்கா.

திட்டவில்லை. கேட்கவும் இல்லை. முகவரி சொல்வதுபோலத்தான் சொன்னார்.

மேடம் எழுந்தார். சங்கத்தில் புகார் எழுதலாம், விழாப் பெண் சாட்சி சொல்வார், பத்திரிகைக்கும் போகலாம் என்றார். லைட்டக்கா வேண்டாம் என்று கையசைத்தார். கேட்டது கிடைத்துவிட்டது, நல்லபடியாகச் செய்துகொடுத்தீர்கள் என்று நன்றி சொன்னார். அவர்கள் வாசல்வரை போன பிறகு கூப்பிட்டார்.

"மேடம், அவர்கிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போயிருங்க." மகாராஜா அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். "தங்கச்சி மகளுக்கு அவ குடும்பம் இருக்கு. எனக்கு வேற ஆள் இல்லை. என்னைத் தூக்கிப் படுக்க வைக்கவும், விடிஞ்சா தூக்கி உட்கார வைக்கவும் அவர்தான் வரணும். வரட்டும். ஆனா தூக்கும்போது பேசக் கூடாது. ஒரு வார்த்தைகூட."

மேடம் மகாராஜாவைப் பார்த்தார். வேறு ஊரிலிருந்து கொண்டுவந்த சேதியைச் சொல்வதுபோல அதை அவரிடம் சொன்னார்.

"தூக்கும்போது பேசக் கூடாதாம்."

அவர் வாயைத் திறந்தார், மூடினார். பிறகு தலையாட்டினார். அதைப் பார்க்க லைட்டக்கா திரும்பவில்லை.